உரசுவது எளிது, தங்கவைப்பதுதான் பாடு

குளச்சலோ முட்டமோ, கடலோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஜூன் மாதம் நிலைமின்சாரப் பாடம் நடக்கிறது என்று வையுங்கள். வெளியே இடவப்பாதி மழை. மேசையில் கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகள். ஆசிரியர் ஒரு பையனைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் சீப்பால் அவன் தலையைப் பத்து இழுப்பு இழுத்துவிட்டு, சீப்பைத் துணுக்குகளுக்கு மேலே கொண்டுபோகிறார். எதுவும் அசையவில்லை. இன்னொரு பத்து இழுப்பு. இந்த முறை ஒரே ஒரு துணுக்கு வருகிறது, அதுவும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு. "வந்துட்டு சார்" என்று பின்வரிசை கத்துகிறது.

தேய்த்த சீப்பு காகிதத்தை இழுக்கும் என்று பாடப்புத்தகத்தில் சொன்னது சரிதான். அதை எழுதியவர் மனதில் இருந்த காற்று வேறு, இந்த ஊர்க் காற்று வேறு. குமரி மாவட்டத்துக் கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் வருடத்தில் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேலேதான் நிற்கும். நிலைமின்சாரம் இங்கேயும் மற்ற ஊர்களைப் போலவே உண்டாகிறது. உண்டானது நிற்பதில்லை, அவ்வளவுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சீப்பு ஏன் தோற்கிறது, மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் மணலை ஏன் சூடாக்குகிறார்கள், பெட்ரோல் கேனை ஏன் தரையில் வைக்கச் சொல்கிறார்கள், மழைக்காலத்தில் ஜெராக்ஸ் ஏன் வெளிறிப்போகிறது என்று எல்லாமே ஒரே நூலில் கோத்துக்கொண்டு வரும்.

முதலில் அடிப்படை. எந்தப் பொருளை எடுத்தாலும் அதில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சரிக்குச் சரியாக இருக்கின்றன. இரண்டு வேறு பொருள்கள் நெருங்கித் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலெக்ட்ரான்கள் மற்றதற்குப் போய்விடுகின்றன. வாங்கியது எதிர், கொடுத்தது நேர். புதிதாக எதுவும் படைக்கப்படுவதில்லை; இருந்தது இடம் மாறுகிறது. தேய்ப்பது என்பது தொடுவதையும் பிரிப்பதையும் ஆயிரம் இடத்தில் திரும்பத் திரும்பச் செய்வதுதான். செலோடேப்பைச் சுருளிலிருந்து சரேலென்று உரித்தால் தேய்க்காமலே அது கையில் வந்து ஒட்டுவது இதனால்தான்.

மாறுகிற அளவு எவ்வளவு? நன்றாகத் தேய்த்த சீப்பில் 10 நானோகூலூம் மின்னூட்டம் இருக்கலாம். அதாவது 6,240 கோடி எலெக்ட்ரான்கள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் சீப்பு முழுவதிலும் உள்ள எலெக்ட்ரான்களோடு ஒப்பிட்டால் இது நூறு லட்சம் கோடியில் ஒன்று என்ற கணக்கு. இவ்வளவு சொற்பமான ஏற்றத்தாழ்வே காகிதத்தைத் தூக்குகிறது என்றால், மின்விசை எவ்வளவு முரட்டு விசை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீப்பும் காகிதமும் எப்படி ஈர்த்துக்கொள்கின்றன என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். காகிதத்தில் கூடுதல் மின்னூட்டம் எதுவும் கிடையாது. எதிர் மின்னூட்டம் ஏறிய சீப்பு அருகே வந்ததும் காகிதத்தில் உள்ள எதிர் மின்னூட்டம் தூரப்பக்கமாக நகர்கிறது. நேர், சீப்பைப் பார்த்த பக்கம் மிஞ்சுகிறது. கிட்ட இருக்கிற நேரை இழுக்கும் விசை, எட்ட இருக்கிற எதிரைத் தள்ளும் விசையைவிடச் சற்றே அதிகம். அந்தச் சற்றேதான் துணுக்கைத் தூக்குகிறது. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்று பிரெஞ்சு அறிவியலாளர் கூலூம் 1785-ல் அளந்து சொன்னார். அது இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே. இப்படி மின்னூட்டமில்லாத பொருளை இழுக்கும்போது விசை தூரத்தோடு இன்னும் வேகமாகச் சரிந்துவிடும். ஆகவேதான் ஐந்து சென்டிமீட்டரில் துணுக்கு கண்டுகொள்ளாமல் கிடக்கும், ஒரு சென்டிமீட்டரில் துள்ளி ஏறும். ஏறியதில் சில, ஒரு கணம் ஒட்டியிருந்துவிட்டு எதிர்ப்பக்கமாகத் தெறித்து விழுவதைக் கவனித்திருப்பீர்கள். சீப்பைத் தொட்டதும் அதன் மின்னூட்டத்தில் கொஞ்சம் துணுக்குக்கும் வந்துவிடுகிறது. இரண்டும் ஓரினம் ஆனதும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஒட்டுவதைவிட இந்தத் தெறிப்பைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எல்லாரும் ஒட்டுவதோடு பாடத்தை முடித்துவிடுகிறார்கள்.

சரி, பையனின் தலை ஏன் கைவிட்டது? தேங்காய் எண்ணெய். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, பிறகு அது எப்படிக் கெடுக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் இரண்டு இழுப்பிலேயே சீப்பின் பற்களிலும் எண்ணெய் பூசிக்கொள்கிறது. அதற்குப் பிறகு தலைமுடி சீப்பைத் தொடுவதில்லை, எண்ணெய் எண்ணெயைத் தொடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே பொருள் என்றால் கொடுக்கல் வாங்கல் பெரிதாக நடக்காது. ஆக, எண்ணெய் உற்பத்தியைக் கெடுக்கிறது. ஈரம் கெடுப்பது வேறு இடத்தை.

ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மின்னூட்டம் காற்றில் கலந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். நீராவி கலந்த காற்றும் நல்ல இன்சுலேட்டர்தான். கசிவு நடப்பது பொருளின் மேற்பரப்பில். ஈரப்பதம் ஏற ஏறக் காற்றிலிருக்கும் நீர் மூலக்கூறுகள் எல்லாப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகின்றன. அந்தப் படலத்தில் வியர்வை, அழுக்கு, உப்பு கரைந்திருந்தால் அது வழி ஆகிவிடும். கடலோரத்தில் உப்புக்குப் பஞ்சமே இல்லை. அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகள் காற்றோடு வந்து சன்னல், நாற்காலி, பிளாஸ்டிக் தட்டு என்று எல்லாவற்றிலும் உப்பாகப் படிகின்றன. சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். மணக்குடியில் சன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் தட்டின் மேல் ஜூலை மாதம் முழுக்க மெல்லிய உப்புக்கரைசல் பூச்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதை எவ்வளவு தேய்த்தாலும் என்ன நிற்கும்?

இதே கசிவைப் பெரிய அளவில் பார்க்க, கடலோர ஊர்களில் பனிமூட்டமான ராத்திரி டிரான்ஸ்பார்மர் பக்கம் காது கொடுத்தால் போதும். பீங்கான் இன்சுலேட்டர்களில் உப்புப் படிந்து, அதன்மேல் ஈரம் ஏறி, சிர்ர்ரென்று ஒரு சத்தம் வரும். இருட்டில் நீலமாக மினுங்குவதும் உண்டு.

கசிவை அடைப்பதுதான் பாதி வேலை என்பது மின்னியலின் தொடக்கத்திலேயே தெரிந்துபோன விஷயம். 1729-ல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே மின்னூட்டத்தை நீளமான கயிற்றில் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைப் பட்டுநூலில் தொங்கவிட்டபோது வேலை செய்தது. பட்டுநூல் அறுந்தது. அதைப்போலவே மெல்லியதாக, ஆனால் உறுதியாக இருக்கட்டும் என்று பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார்கள். எல்லாம் நின்றுபோனது. நூலின் தடிமன் முக்கியமில்லை, எதனால் ஆனது என்பதே முக்கியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடத்தி, கடத்தாப்பொருள் என்ற பிரிவினை பிறந்தது அந்த அறுந்த நூலில்தான்.

குமரியில் சோதனை செய்ய விரும்புகிறவர்களுக்கு முதல் யோசனை, காலத்தைப் பாருங்கள். ஜனவரி பிற்பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு மேல். இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தைவிடத் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் மேல். கணவாய் வழியாகக் காற்று இறங்கும் அந்தப் பகுதி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தைவிட வறண்டது. மழைக்காலத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஹேர் டிரையர், இல்லையேல் சூடான தோசைக்கல்லுக்கு ஒரு சாண் மேலே பொருளைக் காட்டி வாட்டுவது. சீப்பையும் தலையையும் மறந்துவிடுங்கள். ஒயரிங்குக்கு வாங்குகிற அரை அங்குல பிவிசி பைப் ஒரு அடி நீளம், கம்பளி சாக்ஸ் அல்லது உலர்ந்த டிஷ்யூ பேப்பர், இது போதும். பைப்பைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. சோப்பின் மிச்சமே ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வாட்டி, தேய்க்கும் பகுதியைக் கையால் தொடாமல் எடுங்கள்.

நல்ல மின்பொறி வேண்டும் என்றால் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா 1775-ல் பெயர் வாங்கிக்கொடுத்த மின்னேந்தி, எலெக்ட்ரோஃபோரஸ், இருக்கிறதே, அதைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு அங்குலத் தெர்மாகோல் பலகை ஒரு அடிக்கு ஒரு அடி. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் தட்டு ஒன்று, விளிம்பு உருட்டி மடித்ததாக. கூரான விளிம்பு இருந்தால் மின்னூட்டம் முனையிலிருந்து காற்றில் ஒழுகிவிடும். தட்டின் நடுவே கைப்பிடியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கவிழ்த்து, மெழுகை உருக்கியோ ஹாட் குளூ வைத்தோ ஒட்டுங்கள். தெர்மாகோலைக் கம்பளியால் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். தட்டை அதன்மேல் வைத்து, தட்டின் உலோகத்தை ஒரு விரலால் தொட்டு எடுங்கள். சின்னதாக ஒரு டிக் கேட்கும். பிறகு டம்ளரைப் பிடித்துத் தட்டைத் தூக்கி, விரல் கணுவை விளிம்பருகே கொண்டுபோனால் பட்டென்று பொறி. தட்டைத் திரும்ப வைத்து, தொட்டு, தூக்கினால் மறுபடியும் பொறி. தெர்மாகோலை மறுபடி தேய்க்க வேண்டியதில்லை. உலர்ந்த நாளில் ஐம்பது தடவைகூட வரும்.

இலவசமாக எப்படி வருகிறது? தெர்மாகோலின் மேற்பரப்பு மேடுபள்ளமானது. தட்டு அதைச் சில புள்ளிகளில் மட்டும்தான் தொடுகிறது. தெர்மாகோல் கடத்தாது என்பதால் அதில் உள்ள எதிர் மின்னூட்டம் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது தட்டில் உள்ள எலெக்ட்ரான்களை மேலே தள்ளுகிறது. விரல் வைத்ததும் அவை உங்கள் உடல் வழியே ஓடிவிடுகின்றன. அந்த டிக் அதுதான். மிஞ்சியது நேர் மின்னூட்டம். தெர்மாகோல் எதையும் இழக்கவில்லை. பொறிக்கான சக்தியை உங்கள் கைதான் கொடுக்கிறது, ஒன்றையொன்று இழுக்கிற தட்டையும் பலகையையும் பிரித்துத் தூக்குகிறபோது. விரல் வைக்க மறந்தால் எவ்வளவு தூக்கினாலும் ஒன்றும் வராது. பிள்ளைகள் செய்கிற முக்கால்வாசித் தவறு இதுவே. மிச்சக் கால்வாசி, டம்ளரில் கைவியர்வை படிந்து அது வழியாகக் கசிவது. டம்ளரை ஈரத்துணியால் துடைத்து வாட்டினால் மறுபடி உயிர் வரும்.

எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையில் செருகியிருக்கிற நியான் டெஸ்டர் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, டெஸ்டரின் பின்முனையில் விரலை வைத்து, தூக்கிய தட்டை நுனியால் தொடுங்கள். உள்ளே ஒரு கணம் செம்மஞ்சள் ஒளி. உற்றுப் பார்த்தால் பல்புக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டுமே ஒளிர்வது தெரியும். எதிர்முனை எதுவோ அதுதான் ஒளிரும். தட்டு நேர் என்பதால் விரல் பக்கத்துக் கம்பி மினுங்கும். தேய்த்த பிவிசி பைப்பைத் தொட்டால் நுனிப் பக்கத்துக் கம்பி. இரண்டு வகை மின்னூட்டம் என்பதைக் கண்ணால் காட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கணக்கையும் போட்டுவிடலாம். காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டில் உடையும். பொறி 5 மில்லிமீட்டர் தாண்டினால் தட்டில் ஏறக்குறைய 15,000 வோல்ட். பயப்பட வேண்டாம். அந்த அளவு தட்டின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவு, 7 பிக்கோஃபாரட்தான். பொறியில் உள்ள சக்தி 0.8 மில்லிஜூல். விரலில் கொசு கடித்த மாதிரி. ஆனால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கேன் கதையில் திரும்ப வரும்.

இப்போது மணலுக்கு வருவோம். கன்னியாகுமரிக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு வண்ண வண்ண மணலைப் பாக்கெட்டில் போட்டு விற்பார்கள். பகவதியம்மன் கல்யாணம் நின்றுபோனபோது சமைக்காமல் கிடந்த அரிசியும் மற்றதும் மணலாகிவிட்டன என்பது ஊர்க் கதை. வேதியியல் கதையில் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், நிறமற்ற சிர்கான், தேன் மஞ்சளில் மோனசைட், கூடவே ரூட்டைல், சில்லிமனைட். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்த பிறகுதான் இந்தக் கரை உலகத்தின் கண்ணில் பட்டது. மணலை அள்ளுவது சரியா, தவறா என்பது இந்த மாவட்டத்தில் ஓயாத வழக்கு. அது இங்கே வேண்டாம். அள்ளிய மணலைப் பிரிப்பது எப்படி என்பதுதான் நம் விஷயம்.

சாதாரண வெள்ளை மணலை நீக்குவது எளிது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைட்டுக்கு 4.7. சுருள் சரிவில் தண்ணீரோடு ஓடவிட்டால் கனமானது உள்பக்கம் ஒதுங்கும். ஆனால் கனமான தாதுக்களை ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிரிப்பது? ரூட்டைலும் சிர்கானும் எடையிலும் நெருக்கம், பருமனிலும் ஏறக்குறைய ஒன்று, காந்தம் இரண்டையும் சட்டை செய்யாது. அங்கேதான் நிலைமின்சாரம் கைகொடுக்கிறது. ரூட்டைல் ஓரளவு கடத்தும், சிர்கான் கடத்தாது.

கருவியின் அமைப்பு இதுதான். தரையிணைப்புக் கொடுத்த ஒரு எஃகு உருளை சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் தலைப்பக்கத்தில் மணல் ஒரு மணி கனத்துக்குப் பரவலாக விழுகிறது. உருளைக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய கம்பி. அதில் 20,000 முதல் 30,000 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும்) மின்சாரம். கம்பி மெலிதாக இருப்பதால் அதைச் சுற்றிலும் காற்று உடைந்து அயனிகளைப் பொழிகிறது. அந்தப் பொழிவில் நனைகிற எல்லா மணிகளும், எந்தத் தாதுவானாலும், மின்னூட்டம் பெறுகின்றன. பொழிவைத் தாண்டியதும்தான் குணம் வெளிப்படும். இல்மனைட்டும் ரூட்டைலும் தாம் வாங்கியதைக் கண்சிமிட்டுவதற்குள் உருளைக்குக் கொடுத்துவிடுகின்றன. பிடிப்பு இல்லாததால் சுழற்சி அவற்றை வீசி எறிகிறது. சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் நான்கும் மின்னூட்டத்தை விடுவதில்லை. உருளையின் உலோகத்தில் தூண்டப்படும் எதிரின மின்னூட்டம் அவற்றை இறுக்கிப் பிடிக்க, உருளையோடு கீழே சுற்றிப்போய், பின்பக்கத்துப் பிரஷ் சுரண்டியபின் விழுகின்றன. இரண்டு குவியலுக்கும் நடுவே ஒரு தகடு. அதை ஒரு விரற்கடை முன்னே பின்னே நகர்த்தினாலே சுத்தமும் அளவும் மாறும்.

ஒரு தடவையில் எதுவும் முடிந்துவிடாது. மாறாக விழுந்ததை மறுபடி மறுபடி ஓட்ட வேண்டும். பிறகு காந்தப் பிரிப்பான்: கடத்திக் குவியலில் காந்தம் இல்மனைட்டை எடுத்துக்கொள்ள ரூட்டைல் மிஞ்சும்; கடத்தாக் குவியலில் வலுவான காந்தம் கார்னெட்டையும் மோனசைட்டையும் இழுக்க, சிர்கானும் சில்லிமனைட்டும் மிஞ்சும். அந்த இரண்டையும் நுரைமிதப்பு முறையில் பிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்துச் சீப்புக்கு வந்த சங்கடம் இங்கேயும் அப்படியே வரும். சிர்கான் மணியின் மேல் கடல் உப்பும் ஈரமும் படிந்திருந்தால் அது மேற்பரப்பு வழியாகக் கடத்த ஆரம்பித்துவிடும்; ரூட்டைலோடு சேர்ந்து முன்னால் போய் விழும். அதற்காகத்தான் மணலை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் உருளைக்கு அனுப்புகிறார்கள். கொதிக்கிற சூட்டில் இருக்கிற மணியின் மேல் நீர்ப்படலம் நிற்க முடியாது. தூசும் எதிரிதான். நுண்தூள் பெரிய மணிகளின் மேல் ஒட்டிக்கொண்டு போர்வை போர்த்திவிடும்.

இனி கேன். குமரிக் கரையில் வள்ளங்களுக்கும் ஃபைபர் படகுகளுக்கும் அவுட்போர்டு எஞ்சின். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பிளாஸ்டிக் கேன்களில்தான் கரைக்கும் படகுக்கும் போய்வருகின்றன. எரிபொருள் ஓடும்போதே மின்னூட்டம் உண்டாகிறது. குழாய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போகிற திரவம் ஒரு வகை மின்னூட்டத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டுபோகிறது. வடிகட்டும் துணியின் வழியாக ஓடினால் தொடுபரப்பு பல மடங்கு பெருகுவதால் மின்னூட்டமும் பெருகும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் சரியாகக் கடத்தாதவை; உள்ளே வந்த மின்னூட்டம் வெளியேறச் சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்கும் மேல்கூட ஆகும். கடற்காற்றின் ஈரம் இங்கே காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. ஈரம் வெளிப்பரப்பில், மின்னூட்டம் எண்ணெய்க்குள்.

பெட்ரோல் ஆவி பற்றச் சுமார் 0.2 மில்லிஜூல் போதும். எவர்சில்வர் தட்டில் வந்த பொறி 0.8. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே விரல் நீட்டுகிற பொறி பெட்ரோலுக்கு நான்கு பங்கு அதிகம்.

எது மோசம் என்பதில் ஒரு முரண் உண்டு. பிளாஸ்டிக்கைவிடத் தனித்து நிற்கிற உலோகம் ஆபத்து. பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஓட முடியாததால் பொறி வந்தாலும் அந்த இடத்தைச் சுற்றி இருப்பது மட்டும்தான் வெளியேறும். பிளாஸ்டிக் கேனின் வாயில் வைத்த தகரப் புனல் அப்படி இல்லை. தரையோடு தொடர்பில்லாமல் அது மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து, கிட்டே ஒரு விரலோ பம்பின் நாசிலோ வந்ததும் மொத்தத்தையும் ஒரே பொறியில் கொட்டிவிடும். பிளாஸ்டிக் வாளியில் பெட்ரோல் பிடிக்கும்போது அதன் கம்பிக் கைப்பிடியும் இதே ரகம்.

ஆகவே, கேனை வண்டியின் சீட்டிலோ படகுக்குள்ளோ வைத்து நிரப்பாதீர்கள். இறக்கித் தரையில் வையுங்கள். முடிந்தால் உலோகக் கேன். பம்பின் உலோக நாசில் கேனின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், நாசில் ஏற்கெனவே எர்த் ஆனது. நாசில் நுனி எண்ணெயில் மூழ்கும்வரை மெதுவாக விடவும். உயரத்திலிருந்து சளசளவென்று கொட்டுவதுதான் மின்னூட்டத்தை ஏற்றுவது. தகரப் புனல் வைத்தே ஆக வேண்டும் என்றால் நாசில் புனலைத் தொடட்டும். துணி வடிகட்டி வேண்டுமானால் அதைக் கரையில், திறந்த வெளியில், மெதுவாக. நிரப்பியதும் உடனே குச்சியை விட்டு அளவு பார்க்க வேண்டாம், ஒரு நிமிடம் பொறுங்கள்.

பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் ஊற்றுவது இதைவிட நுட்பமான வம்பு. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதத்துக்குள் இருந்தால்தான் பற்றும். பெட்ரோல் பாதி நிறைந்த கேனுக்குள் ஆவி இதைவிடக் கெட்டியாக இருப்பதால் உள்ளே பொறி வந்தாலும் பெரும்பாலும் பற்றாது. மண்ணெண்ணெயோ 35 டிகிரிக்கு மேல்தான் பற்றும் அளவு ஆவியைத் தரும். தனித்தனியே இரண்டும் ஓரளவு பிழைத்துப்போகும். பெட்ரோலைக் கவிழ்த்துக் காலி செய்த கேனில் அடியில் கொஞ்சம் ஆவி மிஞ்சியிருக்க, அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் ஆவி நீர்த்துச் சரியாக அந்த 1.4-7.6 இடைவெளிக்குள் வந்துவிடலாம். மின்னூட்டத்தைக் கொண்டுவருவது மண்ணெண்ணெய், பற்றுவது பழைய பெட்ரோல். எண்ணெய்க்கு ஒரு கேன் என்று வண்ணம் அடித்து வைத்துக்கொள்வது பத்து ரூபாய் பெயிண்ட் வேலை.

மின்னலை இங்கே தொடவில்லை. துலாமழைக் காலத்து இடி தனிக் கட்டுரை கேட்கும்.

ஈரமான ஊர் என்பதால் செல்போன் பழுதுபார்க்கிற கடைகளில் பலரும் நிலைமின்சாரத்தைக் கண்டுகொள்வதில்லை. நன்றாக உலர்ந்த காற்றில், 20 சதவீத ஈரப்பதத்தில், கம்பளத்தின் மேல் நடந்தால் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறும். 65 சதவீதத்துக்கு மேல் போனால் 1,500-க்குள் அடங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற அட்டவணை. 1,500 வோல்ட்டை மனிதத் தோல் உணராது. நமக்குச் சுர்ரென்று தெரியவே 3,000 அளவு வேண்டும். சில சிப்புகள் சில நூறு வோல்ட்டிலேயே போய்விடும். அதாவது இந்த ஊரில் ஷாக் அடிக்காமலே போர்டு சாகும். ஏசி போட்ட கடை என்றால் காற்று இன்னும் உலர்ந்தது. உடலின் மின்னூட்டத்தை எர்த்துக்கு வடிக்கக் கையில் மாட்டுகிற மணிக்கட்டுப் பட்டையில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும்; அதை நீக்கிவிட்டுக் கம்பியை நேரடியாக இணைத்துவிடுகிற சிலரைப் பார்க்கலாம். கூடாது. அது இருந்தால்தான் தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் உடலில் 0.23 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது. உடலின் மின்னூட்டம் வடிய அந்த ரெசிஸ்டர் தடையே இல்லை. நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் இறங்கிவிடும். பட்டையை மாட்டுகிற எர்த் நிஜமானதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட். எர்த் பின்னில் கம்பியே இல்லாத பிளக் பாயிண்டுகள் ஏராளம். மேசையில் கிடக்கிற தெர்மாகோல், பாலித்தீன் உறைகளை எர்த் செய்ய முடியாது. அவற்றை ஒரு அடி தள்ளி வைப்பதுதான் வழி.

கடைசியாக ஜெராக்ஸ் கடை. இந்த முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-ல் எடுத்த முதல் நகலுக்குக் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்துத்தான் மின்னூட்டம் ஏற்றினார். இன்றைய மெஷினில் டிரம் என்ற உருளையில் மின்சாரமே மின்னூட்டம் ஏற்றுகிறது, ஒளி பட்ட இடத்தில் அது இறங்குகிறது, எழுத்து உள்ள இடத்தில் டோனர் என்ற மைத்தூள் ஒட்டுகிறது. அந்த டோனரைக் காகிதத்துக்கு இழுக்கக் காகிதத்தின் முதுகில் எதிரின மின்னூட்டம் ஏற்றுவார்கள். காகிதம் நமுத்திருந்தால் அந்த மின்னூட்டம் பக்கவாட்டில் ஓடிவிடும். டோனர் டிரம்மிலேயே தங்கி, நகல் திட்டுத்திட்டாக வெளிறி வரும். ஜூன், ஜூலையில் மார்த்தாண்டம் பக்கம் இந்தப் புகாருக்கு டோனரை மாற்றிக் காசைக் கரைப்பதற்கு முன்னால் புதிய ரீம் ஒன்றைப் பிரித்து நடுவிலிருந்து பத்துத் தாள் ஓட்டிப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலம் முடியும்வரை டிரேயில் நூறு தாளுக்கு மேல் போட வேண்டாம். மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்துச் சுற்றி, ராத்திரி கடை அடைக்கும்போது டிரேயில் இருப்பதையும் எடுத்து அதற்குள் வைத்துவிடுங்கள்.